சிலிக்கான் அணுக்களைப் பார்க்க எந்த உணரி: கான்டிலீவரா, குவார்ட்ஸ் ஃபோர்க்கா?

சிலிக்கான் மேற்பரப்பை வெற்றிடத்தில் அணு அணுவாகப் பார்க்க ஒரு விசை நுண்ணோக்கி (ஊசிமுனைக்கும் மேற்பரப்புக்கும் நடுவிலான விசையை உணர்ந்து படம் வரையும் கருவி) அமைக்கப் போகிறீர்கள் என்றால், பம்பு, அறை, அதிர்வுத் தடுப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். உணரி எது? ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்டு, லேசர் ஒளியால் அசைவைப் படிக்கும் மெல்லிய சிலிக்கான் பட்டையான கான்டிலீவரா? கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கிலிருந்து பிறந்த கியூபிளஸா? நுண்ணோக்கியின் தலைப்பகுதி முழுக்க இந்த ஒரு தேர்வைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது. பிறகு மாற்றுவது பெரும்பாடு.

இரண்டிலும் வேலை பார்த்த அனுபவத்தில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் அழகை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டிலும் அழகான படங்கள் வந்திருக்கின்றன, இனியும் வரும். ஊசிமுனையின் கடைசி அணு என்ன நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள், அது கெட்டுப்போனால் எவ்வளவு நேரத்தில் சரிசெய்வீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். இந்த வேலையில் நாட்களைத் தின்பது அதுதான்.

முதலில் மேற்பரப்பைப் பற்றிக் கொஞ்சம். பெரும்பாலும் எல்லோரும் தொடங்குவது சிலிக்கான் (111) 7×7 மேற்பரப்பில்தான். (111) என்பது படிகத்தை வெட்டும் தளத்தின் பெயர்; 7×7 என்பது மேற்பரப்பு அணுக்கள் ஏழுக்கு ஏழு அளவுள்ள கட்டங்களாகத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொள்ளும் அமைப்பு. சிலிக்கானை அந்தத் தளத்தில் வெட்டினால் மேலே உள்ள ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு பிணைப்பு அறுந்து தொங்கும். 49 அணுக்கள் கொண்ட பரப்பில் 49 தொங்கு பிணைப்புகள். மேற்பரப்பு அப்படியே இருக்க விரும்புவதில்லை. அணுக்கள் இடம் மாறி அடுக்கிக்கொண்டு அந்த எண்ணிக்கையை 19 ஆகக் குறைத்துவிடுகின்றன. 12 மேலணுக்கள் (ஆய்வகப் பேச்சில் ஆடேட்டம்), அவற்றுக்குக் கீழே 6 ஓய்வணுக்கள், மூலைக்குழியில் ஒன்று, ஆக 19. எலக்ட்ரான் விளிம்பு விலகலைக் கொண்டு தகயனாகியும் கூட்டாளிகளும் 1985-இல் இந்த அமைப்பைத் தெளிவுபடுத்தினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே பின்னிக், ரோரர் குழு சுரங்க மின்னோட்ட நுண்ணோக்கியான எஸ்.டி.எம். மூலம் அந்த 12 மேடுகளையும் மூலைக்குழிகளையும் நேரடியாகப் படம் பிடித்திருந்தது.

சோதனைக்கு இதைவிட நல்ல மேற்பரப்பு கிடைப்பது கடினம். அலகுக் கட்டத்தின் பக்கம் 2.69 நானோமீட்டர், அடுத்தடுத்த மேலணுக்களுக்கு நடுவே சுமார் 0.77 நானோமீட்டர். அணுக்கள் தாராளமாகத் தள்ளி நிற்கின்றன. ஒரு படிக்கட்டின் உயரம் 0.314 நானோமீட்டர் என்று உறுதியாகத் தெரிவதால் செங்குத்து அளவுகோலும் கையிலேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் குறைகள் உண்டு. அங்கங்கே ஒரு மேலணு காணாமல் போயிருக்கும். அந்த ஓட்டைதான் உங்கள் சாட்சி. தொடுநிலையில் முனையின் பல அணுக்கள் ஒன்றாக மேற்பரப்பில் உராய்ந்தாலும் ஒழுங்கான கட்டம் படத்தில் வரும், ஆனால் ஒற்றை ஓட்டை அதில் தெரியாது. ஓட்டை தெரிந்து, பக்கத்து அணுக்கள் தங்கள் இடத்திலேயே நின்றால்தான் ஒரே ஓர் அணு பார்க்கிறது என்று நம்பலாம்.

மேற்பரப்பைத் தயார் செய்யும் விதம் இரண்டு உணரிகளுக்கும் ஒன்றுதான். ஆனாலும் அதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கடிகாரம் ஓடத் தொடங்குவது அங்கேதான். சிலிக்கான் துண்டை இரவு முழுக்க 600 டிகிரி செல்சியஸில் வைத்து வாயுவை வெளியேற்றுகிறோம். காலையில் துண்டின் ஊடாகவே மின்னோட்டத்தைச் செலுத்திச் சில நொடிகளுக்கு 1200 டிகிரிக்கு ஏற்றுகிறோம். பார்வைச் சாளரத்தில் துண்டு வெளிர்மஞ்சளாக ஒளிரும். ஒரு கண் அதில், இன்னொரு கண் அழுத்தமானியில். 10⁻⁹ மில்லிபாரைத் தாண்டி ஏறினால் உடனே நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து. பிறகு 900 வரை வேகமாக இறக்கி, அங்கிருந்து மெதுவாக, நொடிக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் இறக்குகிறோம். சுமார் 860 டிகிரியில்தான் ஒழுங்கற்ற மேற்பரப்பு 7×7 ஆக அடுக்கிக்கொள்கிறது. அப்புறம் ஆரஞ்சு சிவப்பாகி, சிவப்பு மங்கி, கடைசியில் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும். துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் சிலிக்கானைத் தொடவே கூடாது. அதிலுள்ள நிக்கல் கொஞ்சம் ஒட்டினாலும் சூட்டில் மேற்பரப்பு முழுக்கப் பரவி வேறு அமைப்புகளைக் கிளப்பிவிடும்.

இப்படிக் கிடைத்த மேற்பரப்புக்கு ஆயுள் குறைவு. 10⁻¹⁰ மில்லிபாரில், வந்து மோதும் வாயு மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று வைத்தால், ஓர் அடுக்கு மூட ஏறக்குறைய 3 மணி நேரம். நடைமுறையில் எல்லாம் ஒட்டுவதில்லை, ஆனாலும் அறை வெப்பநிலையில் ஒரு பகல் கழிவதற்குள் கறை கண்ணில் படும். ஊசிமுனையைச் சரிசெய்யச் செலவழியும் ஒவ்வொரு மணியும் இந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது.

சரி, உணரிக்கு வருவோம். விசை நுண்ணோக்கியை பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் 1986-இல் அறிமுகம் செய்தார்கள். ஆனால் விசையைக் கொண்டு 7×7-ஐ அணு அளவில் பார்க்க 1995 வரை ஆனது. எஸ்.டி.எம். கிட்டத்தட்ட உடனே செய்ததை இது செய்ய ஏன் இவ்வளவு காலம்? சிலிக்கானின் தொங்கு பிணைப்பு ஒரு பசைக்கை. முனையின் கடைசி அணு பக்கத்தில் வந்ததும் கோவலன்ட் பிணைப்பு போட இழுக்கும். ஒற்றைப் பிணைப்பின் அதிகபட்ச இழுவிசை சுமார் 2 நானோநியூட்டன். கேட்கச் சின்னதாக இருந்தாலும், அது 0.1 நானோமீட்டர் தூரத்துக்குள் ஏறி இறங்கிவிடுகிறது. அதாவது விசையின் சரிவு (தூரத்தோடு விசை மாறும் வீதம்) மீட்டருக்குப் பல பத்து நியூட்டன். அதைவிட மென்மையான கான்டிலீவரை அசையாமல் பக்கத்தில் கொண்டுபோனால் டப்பென்று மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். முனை போச்சு, அந்த இடமும் போச்சு.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, கான்டிலீவரைப் பெரிய வீச்சில் ஆட விட வேண்டும்: திரும்பும்போது அதன் சொந்த மீள்விசை பிணைப்பின் இழுவையைவிடப் பலமடங்கு இருக்கும். இன்னொன்று, உணரியையே விறைப்பாக்கிவிட வேண்டும். கான்டிலீவரும் கியூபிளஸும் இந்த இரண்டு விடைகள்தான்.

இயற்பியலாளர் கீஸிபிள் 1995-இல் வெளியிட்ட 7×7 படம் முதல் வழி. விறைப்பு மீட்டருக்கு 17 நியூட்டன், அதிர்வெண் 114 கிலோஹெர்ட்ஸ், வீச்சு 34 நானோமீட்டர். விறைப்பையும் வீச்சையும் பெருக்கினால் திருப்புமுனையில் மீள்விசை 578 நானோநியூட்டன். 2 நானோநியூட்டன் பிணைப்பு அதை ஒட்ட வைக்க முடியாது. வீச்சின் குறைவை அளக்காமல் அதிர்வெண் நகர்வை அளக்கும் முறையும் சேர்ந்தது. வெற்றிடத்தில் காற்றின் தடை இல்லாததால் கான்டிலீவரின் தரக்காரணி (ஆட்டம் எவ்வளவு மெதுவாக அடங்குகிறது என்பதன் அளவு) பல்லாயிரம் ஆகிவிடுகிறது; 30,000 தரக்காரணி, 150 கிலோஹெர்ட்ஸ் என்றால் வீச்சு புதிய மதிப்புக்கு அடங்க 0.06 நொடி ஆகும். ஒவ்வொரு புள்ளிக்கும் அப்படிக் காத்திருந்தால் படம் முடியாது. அதிர்வெண்ணோ உடனே மாறுகிறது. ஆல்பிரெக்ட், குரூட்டர், ஹார்ன், ரூகர் நால்வரும் 1991-இல் தந்த அந்த முறையில்தான் இன்றும் எல்லோரும் ஓட்டுகிறோம்.

பெரிய வீச்சுக்கு ஒரு விலை உண்டு. 34 நானோமீட்டர் ஆடும் முனை, பிணைப்பு வேலை செய்யும் அந்த ஒரு ஆங்ஸ்ட்ராம் (0.1 நானோமீட்டர்) பகுதியில் இருப்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் மிகச் சிறிய பங்கு நேரம்தான். மீதி நேரமெல்லாம் அது உணர்வது தூரத்து வான் டெர் வால்ஸ் இழுவை, மின்நிலை இழுவை. அணுவின் குரல் அந்தச் சத்தத்துக்கு நடுவே கேட்க வேண்டும்.

இரண்டாம் வழிக்கும் அதே கீஸிபிள்தான் போனார். கடிகார ட்யூனிங் ஃபோர்க்கின் ஒரு காலை அசையாமல் ஒட்டிவிட்டு, மற்ற காலின் நுனியில் ஊசியை வைத்தார். 1998-இல் வந்த அந்த உணரிதான் கியூபிளஸ். விறைப்பு மீட்டருக்குச் சுமார் 1800 நியூட்டன். வீச்சை 0.1 நானோமீட்டருக்குக் குறைத்தாலும் திருப்புமுனையில் 180 நானோநியூட்டன் மீள்விசை இருக்கிறது. ஒட்டாது. முனை தன் ஆட்டம் முழுவதையும் பிணைப்பின் எல்லைக்குள்ளேயே ஆடுகிறது. தூரத்து விசைகளின் பங்கு தானாகச் சுருங்கிவிடுகிறது.

காகிதத்தில் பார்த்தால் உணர்திறன் அடிவாங்குவது போலத் தோன்றும். மிகச் சிறிய வீச்சில் அதிர்வெண் நகர்வு என்பது அதிர்வெண்ணை விறைப்பின் இருமடங்கால் வகுத்து விசைச்சரிவால் பெருக்குவது. 160 கிலோஹெர்ட்ஸ், மீட்டருக்கு 40 நியூட்டன் விறைப்புள்ள கான்டிலீவருக்கு, மீட்டருக்கு 1 நியூட்டன் சரிவுக்கு 2000 ஹெர்ட்ஸ். 30 கிலோஹெர்ட்ஸ் கியூபிளஸுக்கு வெறும் 8 ஹெர்ட்ஸ். ஆனால் அந்த 2000 வெறும் கணக்குதான். கான்டிலீவரை அவ்வளவு சிறிய வீச்சில் சிலிக்கான் மேல் நிலையாக ஓட்டுவது பெரும்பாலும் நடக்காது, 10 நானோமீட்டர் வீச்சில் அந்தச் சரிவு ஆட்டம் முழுக்கப் பரவிக் கரைந்துவிடும். கியூபிளஸின் 8 ஹெர்ட்ஸ் உண்மையிலேயே கையில் கிடைக்கும். கான்டிலீவரின் இரண்டாம் அதிர்வு முறையைப் பயன்படுத்தி விறைப்பை ஏற்றிச் சிறிய வீச்சில் ஓட்டியவர்களும் உண்டு. நல்ல கைகளில் அது வேலை செய்கிறது.

இப்போது முனை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கான்டிலீவரோடு சேர்ந்தே செதுக்கப்பட்ட முனை சிலிக்கானால் ஆனது. வெளியே இருக்கும்போது அதன் மேல் ஆக்சைடு படிந்திருக்கும். வெற்றிடத்தில் ஆர்கான் அயனிகளால் அடித்து அதை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு கிடைப்பது அருமையான பொருள்: சிலிக்கான் முனை, சிலிக்கான் மேற்பரப்பு, இரண்டுக்கும் நடுவே தொங்கு பிணைப்புக்குத் தொங்கு பிணைப்பு. விசை வளைவைக் கணினிக் கணக்கீட்டோடு ஒப்பிட இதைவிடச் சுத்தமான ஜோடி கிடையாது. லான்ட்ஸும் கூட்டாளிகளும் 2001-இல் 7 கெல்வினில் 7×7-இன் குறிப்பிட்ட அணுக்கள் மேல் பிணைப்பு விசையை எண்ணாக அளந்தது இப்படி ஒரு கான்டிலீவரால்தான்.

ஆனால் அந்த முனை இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி குறைவு. முனை இடித்துவிட்டால் அதன் நுனியில் என்ன நடந்தது என்பதை அடுத்த விசைப் படத்தை எடுத்துத்தான் ஊகிக்க வேண்டும். மெல்ல மேற்பரப்பைத் தொட்டு எடுப்பது, மறுபடி பார்ப்பது, மறுபடி தொடுவது. சில நாட்களில் நான்காவது முயற்சியில் சரியாகிவிடும். சில நாட்களில் ஒவ்வொரு மேலணுவும் இரட்டையாகவே தெரிந்துகொண்டிருக்கும், இரண்டு நுனிகள் ஒரே உயரத்தில் நிற்கின்றன என்று அர்த்தம், என்ன செய்தாலும் போகாது. கான்டிலீவரை மாற்றி, லேசரை மறுபடி ஒழுங்கு செய்து வருவதற்குள் மேற்பரப்பு பழசாகிவிடும்.

கியூபிளஸில் முனை தனியாக ஒட்டப்பட்ட உலோகக் கம்பி, பெரும்பாலும் டங்ஸ்டன். அதே முனையால் எஸ்.டி.எம். ஓட்டலாம். இதன் மதிப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வீச்சு ஒரு ஆங்ஸ்ட்ராம் அளவில் இருப்பதால் சுரங்க மின்னோட்டம் நன்றாக ஓடுகிறது. முதலில் எஸ்.டி.எம். படம் எடுத்து நுனி ஒற்றையா என்று பார்க்கிறீர்கள். இல்லையென்றால் மின்னழுத்தத் துடிப்பு கொடுக்கிறீர்கள், அல்லது மெல்லக் குத்தி எடுக்கிறீர்கள். உடனே மறுபடி பார்க்கிறீர்கள். நுனியில் பெரும்பாலும் சிலிக்கான் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும், ஆகவே சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்பு இதிலும் கிடைக்கும், ஆனால் அதன் பின்புலம் உலோகம் என்பதை மறக்கக் கூடாது. நாலு மணி நேரம் போகும் வேலை அரை மணியில் முடிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த வசதிக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது, அதுவும் சிலிக்கானில் குறிப்பாக. நான் கியூபிளஸில் வேலை தொடங்கிய புதிதில் 1.5 வோல்ட் வைத்து அதிர்வெண் நகர்வுப் படம் எடுத்தேன். மேலணுக்கள் தெளிவாக, விலக்கு விசை போல நின்றன. பிணைப்பைத் தாண்டி விலக்கும் பகுதிக்குப் போய்விட்டோம் என்றே நினைத்தேன். மின்னழுத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்ததும் படம் வெறுமையாகிவிட்டது. நடந்தது இதுதான்: சிலிக்கான் துண்டுக்கு மின்தடை உண்டு. முனை அணுவின் மேல் நிற்கும்போது மின்னோட்டம் அதிகம், அப்போது மின்னழுத்தத்தின் ஒரு பகுதி துண்டுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது, முனைக்கும் மேற்பரப்புக்கும் நடுவே மின்நிலை இழுவை குறைகிறது. இழுவை குறைவது விலக்கு கூடியது போலத் தெரிகிறது. வேமவுத், கீஸிபிள் குழு 2011-இல் சிலிக்கான் (111) மேலேயே இதை அளந்து காட்டி, ‘மாய விசை’ என்ற பொருளில் பெயரும் வைத்தது. எஸ்.டி.எம்.-ஆல் முனையைச் சரிபாருங்கள், ஆனால் விசைப் படம் எடுக்கும்போது மின்னழுத்தத்தைப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கான்டிலீவரில் பெரிய வீச்சால் சராசரி மின்னோட்டம் சிறியது என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

சிறிய வீச்சு இன்னொரு கேள்வியையும் கிளப்பியது. 2000-இல் கியூபிளஸால் எடுத்த 7×7 படத்தில் ஒவ்வொரு மேலணுவும் இரண்டு பிறைகளாகத் தெரிந்தது. முனையின் கடைசி சிலிக்கான் அணுவில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தொங்கு பிணைப்புகளின் பிம்பம் அது என்று கீஸிபிள் குழு விளக்கியது. முனையின் உயரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும் பின்னூட்டச் சுற்றின் விளைவாக இருக்கலாம் என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். அந்த வாதத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்: இவ்வளவு பக்கத்தில் முனை மேற்பரப்பைப் பார்ப்பது போலவே மேற்பரப்பும் முனையைப் பார்க்கிறது.

அப்படியானால் கான்டிலீவர் பழங்கதையா? இல்லவே இல்லை. ஒசாகாவைச் சேர்ந்த சுகிமோட்டோவும் கூட்டாளிகளும் 2007-இல் அறை வெப்பநிலையில் சிலிக்கான் கான்டிலீவரால் செய்தது இத்துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. சிலிக்கான், வெள்ளீயம், ஈயம் மூன்றும் கலந்த மேற்பரப்பில் உருவத்தை வைத்து எது எந்த அணு என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றின் மேலும் விசை வளைவு எடுத்தார்கள். அதிகபட்ச இழுவிசை முனைக்கு முனை மாறியது. ஆனால் விகிதம் மாறவில்லை: சிலிக்கானோடு ஒப்பிட்டால் வெள்ளீயத்துக்கு 77 சதவீதம், ஈயத்துக்கு 59 சதவீதம். முனையை முழுக்கத் தெரிந்துகொள்ள முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அதன் செல்வாக்கு வகுபட்டுப் போகும் ஓர் எண்ணைத் தேடிப் பிடித்தார்கள். அடுத்த வருடம் அதே வழியில் அணுக்களை ஒன்றோடொன்று மாற்றி வைத்து எழுத்தே எழுதினார்கள்.

அறை வெப்பநிலையில் முனையும் மேற்பரப்பும் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். ஓர் அணுவைப் பின்தொடர்ந்து நகர்வைக் கணித்து ஈடுசெய்யும் ஏற்பாடு இல்லாமல் இத்தகைய விசை வளைவுகள் சாத்தியமில்லை. 4 அல்லது 5 கெல்வினில் நகர்வு ஏறக்குறைய நின்றுவிடும். சுற்றியுள்ள குளிர்ந்த சுவர்கள் வாயுவைப் பிடித்துக்கொள்வதால் மேற்பரப்பும் நாள்கணக்கில் சுத்தமாக இருக்கும். கியூபிளஸின் தரக்காரணியும் சில ஆயிரங்களிலிருந்து பல பத்தாயிரங்களுக்கு ஏறும். லேசர் இல்லாததால் வெப்பச் சுமை இல்லை. சிலிக்கானுக்கு முக்கியமான இன்னொரு லாபமும் உண்டு: அதன் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான்வோல்ட். சிதறும் லேசர் ஒளியின் ஆற்றல் அதைவிட அதிகம் என்றால் மேற்பரப்பில் மின்னேற்றிகளைக் கிளப்பி மின்னழுத்தத்தைக் கெடுக்கும். கியூபிளஸ் முழு இருட்டில் வேலை செய்கிறது.

உங்கள் இலக்கு (111) அல்ல, வேறொரு தளத்தில் வெட்டிய (100) மேற்பரப்பு என்றால் எனக்குத் தயக்கமே இல்லை, கியூபிளஸ்தான். அங்கே அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒன்று மேலே ஒன்று கீழே எனச் சாய்ந்து நிற்கின்றன. அறை வெப்பநிலையில் அந்தச் சாய்வு நொடிக்குப் பலமுறை புரள்வதால் சராசரிதான் தெரியும். குளிரில் அது உறைந்து நிற்கும். நாட்டிங்ஹாம் குழு 2011-இல் 5 கெல்வினில், மின்னழுத்தமே இல்லாமல், கியூபிளஸ் முனையால் அழுத்தி அந்தச் சாய்வை ஒரு சுவிட்சைப் போல மாற்றிக் காட்டியது.

மூன்றாவதாக, நீளவாக்கில் அதிரும் குவார்ட்ஸ் தண்டு ஒன்றும் உண்டு. 1 மெகாஹெர்ட்ஸ், விறைப்பு மீட்டருக்கு 5 லட்சம் நியூட்டனுக்கு மேல். 7×7 அதிலும் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மீட்டருக்கு 1 நியூட்டன் சரிவுக்கு 1 ஹெர்ட்ஸ்கூட நகராது. முதல் கருவியாக இதை எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே, குளிர்விக்கும் வசதி இருந்து, சிலிக்கான் மேல் மூலக்கூறு, குறை, (100) சாய்வு என்று பலதும் பார்க்க நினைத்தால் கியூபிளஸ் எடுங்கள். அறை வெப்பநிலையில்தான் வேலை, சிலிக்கானுக்குச் சிலிக்கான் என்ற சுத்தமான பிணைப்பை எண்ணாக அளப்பதுதான் நோக்கம், முனையோடு மல்லுக்கட்டப் பொறுமையும் கைப்பழக்கமும் உள்ள ஆள் இருக்கிறார் என்றால் கான்டிலீவர் இன்னும் நல்ல தேர்வு. ஆள் இல்லாமல் அதை எடுக்காதீர்கள்.

வாங்கும் முன் செயல்விளக்கம் கேட்பீர்கள். அங்கே ஏற்கெனவே தயாராக ஓடும் 7×7 படத்தைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, முனையை வேண்டுமென்றே மேற்பரப்பில் ஒரு முறை இடிக்கச் சொல்லுங்கள். காணாமல் போன ஒற்றை மேலணு மறுபடி தெளிவாகத் தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.